குளவி வேஷம் போடும் பூ ஈக்கள்: பெங்களூரு மாடித்தோட்டக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அல்சூர், ராமமூர்த்தி நகர், ஹொரமாவு பக்கம் மாடியில் செடி வளர்க்கும் நம் தமிழ்க் குடும்பங்களிலிருந்து எனக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் வந்துகொண்டே இருக்கும். கார்த்திகை பிறந்ததிலிருந்து மாசி வரை பெரும்பாலும் ஒரே படம்தான். மஞ்சளும் கருப்புமாகக் கோடு போட்ட ஒரு சின்னப் பூச்சி, கூடவே "குளவி வந்துடுச்சு, என்ன மருந்து அடிக்கலாம்?" என்று ஒரு கேள்வி. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்வதைவிட எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதிவைக்கலாம் என்று தோன்றியது. கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

அக்கா, இது குளவியா, தேனீயா? கொட்டுமா?

இரண்டும் இல்லை, இது ஈ. வேளாண்மைத் துறைக்காரர்கள் சிர்பிட் ஈ என்பார்கள். பூவை விட்டு நகராமல் சுற்றுவதால் நான் பூ ஈ என்றே எழுதுகிறேன். உலகம் முழுவதும் ஏறக்குறைய 6,000 வகைகள் உண்டு, இந்தியாவில் மட்டும் 350க்கு மேல்.

இதற்குக் கொடுக்கே கிடையாது. கடிக்கவும் தெரியாது, ஏனென்றால் அதன் வாய் தேனையும் மகரந்தத்தையும் ஒற்றி எடுக்க மட்டுமே ஆனது. குழந்தை கையில் பிடித்தாலும் ஒன்றும் ஆகாது, ஈக்குத்தான் ஆபத்து.

பார்த்தா அப்படியே குளவி மாதிரிதான் இருக்கு. எதை வெச்சு வித்தியாசம் கண்டுபிடிக்கிறது?

முதலில் கண்ணைப் பாருங்கள். பூ ஈக்குத் தலை முழுக்கக் கண்தான். ஆண் ஈக்கு இரண்டு கண்களும் உச்சியில் ஒட்டியே இருக்கும், பெண்ணுக்கு நடுவில் ஒரு இடைவெளி தெரியும். குளவியின் கண் பக்கவாட்டில் சிறுநீரக வடிவில் ஒதுங்கி இருக்கும். அடுத்தது உணர்கொம்பு. குளவிக்கு நீளமாக, வளைந்து, எப்போதும் அசைந்துகொண்டே இருக்கும். பெரும்பாலான பூ ஈக்களுக்கு அது இருப்பதே தெரியாத அளவுக்குக் குட்டை. மூன்றாவது இடுப்பு. நம் வீட்டுச் சுவரில் கூடு கட்டும் குளவிக்கு இடை நூலாக இருக்கும், பூ ஈக்கு அப்படி இருக்காது.

இறக்கை எண்ணிக்கைதான் முடிவான அடையாளம். குளவிக்கும் தேனீக்கும் நான்கு, ஈக்கு இரண்டே இரண்டு. ஆனால் பறக்கும் பூச்சியில் இதை எண்ண முடியாது. போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்கும்போது உதவும்.

ஒரு எச்சரிக்கை. பூ ஈக்களிலேயே சில வகைகள் நீண்ட கொம்பும் ஒடுங்கிய இடையுமாகக் குளவியை அப்படியே உரித்து வைத்திருக்கும். ஆகவே சந்தேகம் வந்தால் குளவி என்றே நினைத்து ஒரு அடி தள்ளி நில்லுங்கள். அடிக்க மட்டும் கை ஓங்காதீர்கள். குளவி கொட்டி மூச்சு வாங்கினாலோ, முகமும் தொண்டையும் வீங்கினாலோ, சுண்ணாம்பு தடவிக்கொண்டு வீட்டில் உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கொட்டவே தெரியாத பூச்சிக்கு எதுக்கு இந்தக் குளவி வேஷம்?

உயிர் பிழைக்கத்தான். ஒருமுறை குளவியிடம் கொட்டு வாங்கிய பறவை அடுத்த முறை மஞ்சள் கருப்புக் கோட்டைக் கண்டால் விலகிப்போகும். அந்தப் பயத்தின் நிழலில் பூ ஈ பிழைத்துக்கொள்கிறது. இப்படி ஆபத்தில்லாத உயிர் ஆபத்தான உயிரின் தோற்றத்தைப் பெறுவதை முதலில் விளக்கியவர் ஹென்றி வால்டர் பேட்ஸ் என்ற ஆங்கிலேயர். அமேசான் காடுகளில் 11 ஆண்டுகள் பூச்சிகளைச் சேகரித்துவிட்டு ஊர் திரும்பி, அங்கே கண்ட பட்டாம்பூச்சிகளை வைத்து 1862இல் இதை எழுதினார். இன்றும் இதற்குப் பேட்ஸ் பெயர்தான்.

ஈ யோசித்து வேஷம் போடுவதில்லை. குளவிச் சாயல் கொஞ்சம் அதிகமாக இருந்தவை தின்னப்படாமல் தப்பி முட்டையிட்டன, சாயல் இல்லாதவை தின்னப்பட்டன. இதுவே தலைமுறை தலைமுறையாக நடந்து இந்தக் கோடுகள் வந்தன. சில வகைகள் இன்னும் ஒரு படி மேலே போய், முன்னங்கால்களைத் தலைக்கு முன்னால் தூக்கிக் குளவியின் கொம்புபோல ஆட்டும். கையில் பிடித்தால் கொடுக்கே இல்லாத வயிற்றை வளைத்துக் கொட்டுவதுபோல அழுத்துகிறவையும் உண்டு. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அலுக்காத காட்சி அது.

அச்சு அசலா ஒண்ணும் இல்லையே! எனக்கே இப்ப தெரியுது, பறவைக்குத் தெரியாதா?

நல்ல கேள்வி. பூச்சி ஆய்வாளர்களும் இதைப் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். 1993இல் வெளியான ஒரு ஆய்வில் புறாக்களுக்குக் குளவிப் படங்களையும் ஈப் படங்களையும் காட்டிப் பழக்கினார்கள். நம் கண்ணுக்கு அவ்வளவாகக் குளவிபோலத் தோன்றாத சில பூ ஈக்களைப் புறாக்கள் குளவிக்கு மிக நெருக்கமாக வைத்தன. பறவை எதைக் கவனிக்கிறதோ அது நாம் கவனிப்பதிலிருந்து வேறு.

2012இல் இன்னொரு ஆய்வு, பெரிய உடல் கொண்ட பூ ஈக்களே குளவியை நன்றாக ஒத்திருக்கின்றன என்று காட்டியது. பெரிய ஈ பறவைக்கு நல்ல தீனி, அதனால் அதற்கு வேஷம் கச்சிதமாக இருக்க வேண்டும். சின்ன ஈக்காகக் கொட்டு வாங்கும் ஆபத்தைப் பறவை ஏன் ஏற்க வேண்டும்? அரைகுறைச் சாயலே போதுமாகிவிடுகிறது.

ஆனால் எல்லாரிடமும் இது பலிக்காது. பெங்களூரில் மின்கம்பியில் உட்கார்ந்திருக்கும் பச்சைப் பஞ்சுருட்டான் உண்மையான குளவியையே பிடித்து, கொடுக்கைக் கம்பியில் தேய்த்து எடுத்துவிட்டு விழுங்கும் பறவை. அதனிடம் வேஷம் என்ன செய்யும்? பூவிலேயே ஒளிந்திருக்கும் நண்டுச் சிலந்தியும் தட்டானும் இவற்றை நிறையவே பிடிக்கின்றன.

ஹெலிகாப்டர் மாதிரி அந்தரத்துல அப்படியே நிக்குதே, அது எப்படி?

ஈக்களுக்குப் பின்னிறக்கை இருக்க வேண்டிய இடத்தில் குண்டூசித் தலைபோல இரண்டு சின்னக் குமிழ்கள் இருக்கும். பறக்கும்போது அவை இறக்கைக்கு எதிர்த்திசையில் துடிக்கும். உடல் கொஞ்சம் சாய்ந்தாலும் திரும்பினாலும் அந்தத் துடிப்பில் ஏற்படும் மாற்றத்தை உணர்ந்து, அந்தக் கணமே இறக்கையடிப்பைச் சரிசெய்துகொள்ளும்.

வெயில் படும் ஒரு இடத்தில் நகராமல் நிற்பது பெரும்பாலும் ஆண் ஈ. அது தன் இடத்தைக் காவல் காத்துக்கொண்டு பெண் ஈக்காகக் காத்திருக்கிறது. வேறு பூச்சி குறுக்கே வந்தால் பாய்ந்து விரட்டிவிட்டு அதே புள்ளிக்குத் திரும்பும்.

என் கையில வந்து உட்கார்ந்து நக்கிட்டே இருக்கு. ரத்தம் குடிக்கிறதா?

இல்லை. வியர்வையில் இருக்கும் உப்புக்காக வருகிறது. குடித்து முடித்ததும் போய்விடும்.

பார்க்க அழகா இருக்கு, சரி. தோட்டத்துக்கு இதனால என்ன பிரயோஜனம்?

வளர்ந்த ஈ பூவுக்குப் பூ மகரந்தம் சுமக்கும். தேனீ அளவுக்கு உடம்பில் ரோமம் இல்லாததால் ஒரு முறைக்குக் கொஞ்சம்தான் ஒட்டும், ஆனாலும் தேனீ வராத மேகமூட்டமான காலையிலும் இவை வரும். பெண் ஈக்கு முட்டை முதிர மகரந்தத்திலுள்ள புரதம் கட்டாயம் வேண்டும், அதனால் பூவை விடாது.

பெரிய உபகாரம் அதன் குழந்தைகளிடமிருந்து வருகிறது. நம் மாடியில் சாதாரணமாகக் காணும் கோடு போட்ட வகைகளின் புழுக்கள் அசுவினி தின்று வளர்கின்றன. நம்மில் பலர் பேன் என்று சொல்வோமே, அவரைக் கொழுந்தில் கருப்பாகவும் ரோஜா மொட்டில் பச்சையாகவும் அப்பிக்கிடக்கும், அதுதான். பெண் ஈ அசுவினிக் கூட்டத்தைத் தேடிப் பிடித்து அதன் பக்கத்திலேயே முட்டையிடும். முட்டை வெள்ளையாக, நீளவாக்கில், ஒரு மில்லிமீட்டர் அளவில் இருக்கும். இரண்டு மூன்று நாளில் புழு வெளியே வந்து வேலையை ஆரம்பித்துவிடும்.

அந்தப் புழுவுக்குக் கண்ணும் இல்லை, காலும் இல்லை. முன்பக்கத்தை இடமும் வலமும் வீசித் துழாவும். அசுவினி மேல் பட்டதும் கவ்வி, இலையிலிருந்து அப்படியே தூக்கி, உள்ளே இருப்பதை உறிஞ்சிவிட்டு வெறும் தோலைக் கீழே போடும். பெரும்பாலும் இரவில்தான் இந்த வேட்டை. ஒரே புழு தன் காலத்தில் நூற்றுக்கணக்கில் தின்னும். இரவில் டார்ச் அடித்து ஒருமுறை பாருங்கள். அதற்குப் பிறகு மருந்து அடிக்க உங்களுக்கு மனம் வராது.

எங்க அவரையில பேனோட நடுவுல பச்சையா ஒரு புழு நெளியுது. பிடுங்கிப் போட்டுடட்டுமா?

பொறுங்கள். இலை தின்னும் புழுவுக்குத் தனியாகத் தெரியும் தலை உண்டு, கால்கள் உண்டு, இலையில் ஓட்டை போடும், உருண்டை உருண்டையாக எச்சம் போட்டு வைக்கும். பூ ஈயின் புழுவுக்குத் தலை என்று தனியாகத் தெரியாது. முன்பக்கம் கூம்பி, பின்பக்கம் அகன்று, தோல் பாதி கண்ணாடியாக இருக்கும். அசுவினி இருக்கும் இடத்தில்தான் இருக்கும், இலையைத் தொடாது.

ஆறு காலோடு கருப்பும் ஆரஞ்சுமாக முள்ளு முள்ளாக ஓடினால் அது பொறிவண்டின் புழு. அதுவும் அசுவினி தின்பதுதான், அதையும் விட்டுவிடுங்கள். இலையில் கருப்பு எண்ணெய்ப் பிசுக்கு மாதிரி ஒரு தீற்றலும், பக்கத்தில் நீர்த்துளி வடிவில் ஒட்டிய பழுப்புக் கூடும் தெரிந்தால், பூ ஈப் புழு தின்று முடித்துக் கூட்டுப்புழு ஆகிவிட்டது என்று அர்த்தம். அந்த இலையைக் கிள்ளாதீர்கள்.

அதுவரைக்கும் சும்மா பார்த்துக்கிட்டு இருந்தா செடியே போயிடுமே?

முட்டையிலிருந்து ஈயாக மாற நம் ஊர்த் தட்பவெப்பத்தில் ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். அசுவினி முதல் நாளே வந்துவிடும், எதிரி பின்னால்தான் வரும். இந்த இடைவெளியில்தான் எல்லாரும் பதறுகிறார்கள். அசுவினி கண்ணில் பட்ட முதல் வாரம் வேகமான தண்ணீரால் பாதியை அடித்துத் தள்ளுங்கள், மீதியை விட்டுவையுங்கள். ஒரு அசுவினிகூட இல்லாத மாடியில் பூ ஈ முட்டையிடாது.

என் கருத்தைக் கேட்டால், நன்றாக வளர்ந்த அவரைக் கொடி கொஞ்சம் அசுவினியைத் தாங்கும். நாற்று தாங்காது. நாற்றில் வந்தால் கையால் நசுக்கிவிடுங்கள், அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வேப்பெண்ணெய் இயற்கைதானே, அதை அடிக்கலாம் இல்லையா?

சோப்புக் கரைசல் கலந்த வேப்பெண்ணெய் மேலே பட்டால் மென்மையான தோலுள்ள பூ ஈப் புழுவும் பாதிக்கப்படும். இயற்கை என்பதற்காக அது ஆள் பார்த்து வேலை செய்யாது. அடித்தே ஆக வேண்டுமென்றால், மேலே சொன்ன புழுவும் முட்டையும் இருக்கிறதா என்று இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, அவை இல்லாத கிளையில் மட்டும், பூச்சிகள் பறக்காத மாலை நேரத்தில் அடியுங்கள்.

இமிடாகுளோபிரிட் போன்ற மருந்து வேறு விஷயம். அதை வேரில் ஊற்றினாலும் செடி முழுக்கப் பரவி மகரந்தத்துக்கும் தேனுக்கும் வரும். பூச்செடிக்கு அதை ஊற்றாதீர்கள் என்று நான் கெஞ்சியே கேட்கிறேன்.

மஞ்சள் ஒட்டு அட்டை வெச்சிருக்கேன், அதுல இதுவும் மாட்டுதே?

மாட்டத்தான் செய்யும். பூ ஈக்கு மஞ்சள் நிறம் என்றால் பூ. வெள்ளை ஈ அதிகமாகி வேறு வழியில்லை என்ற நாட்களில் மட்டும், செடியின் இலை மட்டத்தில், பூக்களிலிருந்து தள்ளி வையுங்கள். அட்டையில் அசுவினி எதிரிகளே அதிகம் தெரிந்தால் அன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

இது வரணும்னா என்ன பூ வைக்கணும்?

இதன் வாய் குட்டை. அதனால் ஆழக் குழலுள்ள பூவில் பயன் இல்லை, இதழ் மேல் இதழாக அடுக்கிய நர்சரிக் கலப்பினங்களிலும் இல்லை. கொத்தமல்லியை அறுக்காமல் ஒரு தொட்டியைப் பூக்க விடுங்கள். அதைவிடச் சிறந்த அழைப்பு எனக்குத் தெரிந்து இல்லை. சோம்பு, கடுகு, முள்ளங்கி, துளசி, காஸ்மாஸ் எல்லாம் நல்லவை. தொட்டி ஓரத்தில் தானாக முளைக்கும் வெட்டுக்காயப் பூண்டைக் களை என்று பிடுங்காமல் ஒன்றிரண்டை விட்டுவையுங்கள். சாலையோரத்தில் அந்தப் பூவைச் சுற்றி எத்தனை பூ ஈ இருக்கிறது என்று காலை ஒன்பது மணி வாக்கில் நின்று பாருங்கள்.

நாங்க 12வது மாடி. இவ்வளவு உயரத்துக்கு வருமா?

வரும். சில வகைகள் மிகப் பெரிய பயணிகள். ரேடார் வைத்துக் கணக்கெடுத்து 2019இல் வெளியான ஓர் ஆய்வின்படி, தெற்கு இங்கிலாந்தின் மேல் ஆண்டுக்கு 100 கோடி முதல் 400 கோடி பூ ஈக்கள் வலசை போகின்றன, அதுவும் தரையிலிருந்து 150 மீட்டருக்கு மேலே. உங்கள் பால்கனி அதற்குக் கீழேதான். காற்று பலமாக அடிக்கும் பால்கனியில் மட்டும் தங்குவது கஷ்டம். கைப்பிடிச் சுவரை ஒட்டித் தொட்டிகளை நெருக்கி வைத்தால் காற்று கொஞ்சம் தணியும்.

முட்டை இருந்தது, புழுவும் வந்தது, அப்புறம் காணோம். எறும்பு மட்டும்தான் ஓடுது.

காரணத்தை நீங்களே சொல்லிவிட்டீர்கள். அசுவினி விடும் இனிப்பு நீருக்காக எறும்பு அதைக் காவல் காக்கும், முட்டையையும் புழுவையும் தூக்கிப் போய்விடும். தொட்டியைத் தாங்கும் ஸ்டாண்டின் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் வைத்தால் போதும். செடி சுவரிலோ கயிற்றிலோ பட்டுக்கொண்டிருந்தால் எறும்பு அந்த வழியாக வரும், அதையும் பாருங்கள்.

கம்போஸ்ட் தொட்டியைத் திறந்தா கருப்பா நீளமா ஒண்ணு பறக்குது. இதுவும் அந்த ஈதானா?

இது பூ ஈ இல்லை, கருப்புப் படைவீரன் ஈ. ஆனால் இதுவும் குளவி வேஷம்தான். வயிற்றின் தொடக்கத்தில் இரண்டு கண்ணாடி ஜன்னல்கள் உண்டு, தள்ளி நின்று பார்த்தால் ஒடுங்கிய இடுப்பு மாதிரி தெரியும். கொட்டாது. இதன் புழுக்கள்தான் உங்கள் சமையலறைக் கழிவை அவ்வளவு வேகமாக எருவாக்குகின்றன.

பாகல் பிஞ்சுல உட்கார்ந்து குத்துறதும் மஞ்சளா குளவி மாதிரிதானே இருக்கு? அதையும் விட்டுடணுமா?

அதை விடக்கூடாது, அது பழ ஈ. குழப்பம் நியாயமானதுதான், அதற்கும் மஞ்சளும் பழுப்புமாக மேனி. பழ ஈ காயின் மேல் நடக்கும், இறக்கையை விரித்து வைத்திருக்கும், பெண் ஈ வயிற்று நுனிக் குழலைப் பிஞ்சில் குத்தி முட்டையிடும். பூ ஈ அந்தரத்தில் நின்று பூவில் இறங்கும், காயைச் சீண்டாது. பழ ஈக்கு இனக்கவர்ச்சிப் பொறி வையுங்கள். அதில் பழ ஈ ஆண்களே விழும், பூ ஈ தப்பிக்கும்.

ஜீவாமிர்த வாளியில வால் வெச்ச புழு! பார்க்கவே அருவருப்பா இருக்கு. கொட்டிடட்டுமா?

இதுவும் பூ ஈயின் புழுவேதான், ஆனால் வேறு கிளை. இந்த ஈ குளவிக்குப் பதிலாகத் தேனீயின் சாயலில் இருக்கும். நம் ஊரில் காணும் சில வகைகளுக்குக் கண்ணிலேயே புள்ளியோ கோடோ போட்டிருக்கும், அவ்வளவு அழகு. புழு அழுகல் நீரில் மூழ்கி மேயும். அந்த வால் ஒரு மூச்சுக்குழாய், நீர்மட்டம் ஏற ஏற உடம்பைப்போலப் பல மடங்கு நீட்டிக்கொள்ளும். அழுகிய மாட்டுடலிலிருந்து தேனீ பிறக்கும் என்று பழைய கிரேக்கரும் ரோமானியரும் நம்பியதற்கு இந்த ஈதான் காரணமாக இருக்க வேண்டும் என்று 19ஆம் நூற்றாண்டிலேயே பூச்சியியலாளர்கள் எழுதினார்கள்.

செடிக்கு இதனால் கெடுதல் இல்லை. அருவருப்பாக இருந்தால் வாளியைத் துணியால் கட்டி மூடுங்கள், கொசுவும் வராது. குடிக்கும் தண்ணீர்த் தொட்டியில் இது தெரிந்தால் மட்டும் உள்ளே ஏதோ அழுகுகிறது என்று பொருள். தொட்டியை உடனே கழுவுங்கள்.

பூ ஈ புல் நுனியில செத்து ஒட்டிக்கிட்டு இருக்கு. யாராவது மருந்து அடிச்சிட்டாங்களா?

மருந்தில் செத்தது கீழே விழுந்து கிடக்கும். செடியின் உயரத்தில் ஏறி, ஒட்டிக்கொண்டு, இறக்கையை விரித்து, வயிறு வீங்கி வெள்ளை வளையங்களோடு இருந்தால் அது ஈக்களைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோய். ஈரமும் குளிரும் சேர்ந்த நாட்களில் வரும். மனிதருக்கோ செடிக்கோ ஒட்டாது.

கூட்டுப்புழுவை பாட்டில்ல போட்டு வெச்சோம் பசங்களுக்குக் காட்ட. ஈ வரும்னு பார்த்தா நிஜமாவே ஒரு சின்னக் குளவி வந்துச்சு! எப்படி?

பாட்டிலுக்குள் வெளியிலிருந்து எதுவும் நுழையவில்லை. பூ ஈயின் முட்டையிலோ இளம்புழுவிலோ தன் முட்டையை வைத்துவிடும் ஒட்டுண்ணிக் குளவிகள் உண்டு. டிப்லாசான் என்ற இனம் உலகம் முழுக்க இதைச் செய்கிறது. பூ ஈப் புழு வழக்கம்போலத் தின்று வளர்ந்து கூடும் கட்டும், உள்ளே வளர்வது குளவி. அந்தச் சின்னக் குளவி நம்மைக் கொட்டாது, பசங்கள் தைரியமாகப் பார்க்கலாம்.

மாடியில் காலிக் கூடுகள் கிடைத்தால் திறப்பைப் பாருங்கள். முன்பக்கம் மூடி திறந்ததுபோல வட்டமாகப் பிரிந்திருந்தால் ஈ வெளியேறியிருக்கிறது. ஒழுங்கில்லாமல் கடித்த ஓட்டை இருந்தால் குளவி. குளவி போன கூடுகளே அதிகமாக இருந்தால் அடுத்த அசுவினிக் கூட்டத்துக்குப் பூ ஈப் புழு குறைவாகத்தான் வரும், அந்த முறை தண்ணீர் அடிப்பதை ஒரு வாரம் கூடுதலாகச் செய்யுங்கள்.